தலையாட்டும் பொறியும் வேலி காக்கும் சட்டமும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் சட்டத்துறையினரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் யாழ்ப்பாணத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெங்காயத்தின் விலை பற்றியும், கிணறுகளில் உப்பேறுவது பற்றியும் பேசவேண்டிய மேடையில், அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம் ஒன்றைப் பற்றி நாம் பேசத் தொடங்குவது முறையாகுமா எனச் சிலர் எண்ணக்கூடும். முறையே என்பது எமது துணிபு. அதற்குக் காரணமாயிருந்தவர் இப்பகுதியைச் சேர்ந்த வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர்.

சில மாதங்களுக்கு முன் அவர் எமது அலுவலகத்துக்கு வந்தார். நீர்ப்பம்பி வாங்குவதற்காகக் கடன் கேட்டுச் சென்ற இடத்தில், கையொப்பம் பெற்றதோடு அமையாது, கைத்தொலைபேசியொன்றை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, கண்ணை மூடித் திற என்று பணித்தார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, “கொம்பியூட்டர் கேட்குது ஐயா” என்பதே மறுமொழி. அவர் எம்மிடம் கேட்ட கேள்வி இது: “தம்பி, மாட்டுக்குக் குறி சுடுகிறது மாடு என்ரை எண்டு காட்ட. என்ரை முகத்துக்கு இப்ப குறி சுட்டது ஆர்? நான் ஆற்றை மாடு?”

இருபது ஆண்டுகளாக நீதிமன்றங்களில் கேள்வி கேட்டுப் பழகிய எமக்கு, அந்தப் பெரியவரின் கேள்விக்கு உடனடியாக விடை கூற முடியவில்லை. விடை தேடிப் படித்தவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

திரையில் முடிந்துவிடும் கதை

எமது பிள்ளைகள் இரவில் விழித்திருந்து பார்க்கும் நாடகங்களுள் ‘லெவரேஜ்: ரிடெம்ஷன்’ என்பது ஒன்று. 2008 முதல் 2012 வரை ‘லெவரேஜ்’ என்ற பெயரில் நடந்த தொடரின் மறுபிறப்பாக 2021 இல் அது தொடங்கிற்று. திருடர், மோசக்காரர், கணினிப் பூட்டுடைப்போர் ஆகியோர் ஒரு குழுவாகச் சேர்ந்து, பணபலம் படைத்த கயவர்களிடம் களவாடி, ஏமாற்றப்பட்ட எளியோருக்கு நியாயம் பெற்றுக்கொடுப்பதே அதன் கதை. குழுவில் உள்ள பெண்ணொருத்தி வேளைக்கொரு பெயரும் வேளைக்கொரு முகமும் பூண்டு நடிப்பதில் வல்லவள்.

இத்தகைய கூட்டத்தாருக்கு முகத்தைக் கண்டு ஆளைச் சொல்லும் கமெராவைவிடப் பெரிய பகை வேறு இருக்கமுடியாது. ஆகவே களவுக் கதைகள் எல்லாவற்றிலும் இன்று அப்பொறி வந்து நிற்கிறது. ஒரு தொப்பி, ஒரு மூக்குக் கண்ணாடி, கணினி வல்லவரின் விரல்கள் செய்யும் சில நொடி வேலை, பொறி முறிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் நன்மையாக முடிந்துவிடும்.

அக்குழுவில் சட்டத்தரணி ஒருவரும் இருக்கிறார். ஹரி வில்சன் என்பது அப்பாத்திரத்தின் பெயர். பல ஆண்டுகளாகப் பெரும் முதலாளிமாரின் அநீதிகளுக்குச் சட்டப் போர்வை நெய்து கொடுத்தவர். பின்னர் மனம் வருந்தி, செய்த பிழைக்குப் பரிகாரம் தேடித் திருடரோடு சேர்கிறார். எம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் நியாயம் தேடுவதற்குத் திருடர் கூட்டத்தில் சேரவேண்டியிருக்கிறதே என்பது எம்மைச் சிந்திக்கச் செய்தது. இக்கதை நடக்கும் இடமாகக் காட்டப்படுவது அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரம். அந்த நகரின் உண்மை வரலாற்றைப் புரட்டிப் பார்த்தோம். நாடகத்தைவிட அது எமக்கு அதிகம் கற்பித்தது.

வேலி நகர்ந்த விதம்

2020 டிசெம்பரில் நியூ ஓர்லியன்ஸ் நகரசபை, பொலிசார் முகங்காணும் பொறியைப் பயன்படுத்தலாகாது எனச் சட்டம் இயற்றியது. மக்கள் மகிழ்ந்தனர். 2022 யூலையில், குற்றங்கள் பெருகிவிட்டன என்ற காரணத்தால், அதே நகரசபை அச்சட்டத்தைத் தளர்த்திற்று. கொடிய வன்குற்றங்களை விசாரிக்கும்போது மட்டும், வரையறுத்த விதிகளின்படி, ஒரு படத்தைக் கொடுத்துத் தேடலாம் என்றது. இதுவும் நியாயமே எனப் பலர் எண்ணினர்.

2025 மே மாதத்தில் ‘வோஷிங்ரன் போஸ்ற்’ பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. தனியார் அமைப்பொன்று நகரெங்கும் நிறுவிய முகங்காணும் கமெராக்கள் 200 இற்கு மேற்பட்டவை தெருவிற் செல்வோர் முகங்களை இடைவிடாது பட்டியலோடு ஒப்பிட்டு வந்தன. பொருந்துகிறது எனப் பொறி கருதிய வேளையில் பொலிசாரின் கைத்தொலைபேசிகளுக்கு அறிவித்தல் பறந்து வந்தது. 2023 இன் தொடக்கத்திலிருந்து இவ்வாறு நடந்து வந்தது. நகரசபை அனுமதித்தது ஒரு குற்றத்தில் ஒரு படத்தைத் தேடுவதை. நடந்ததோ எல்லோரையும் எந்நேரமும் தேடுவது. செய்தி வெளிவருவதற்குச் சற்று முன்னர், 2025 ஏப்ரிலில், பொலிஸ் தலைமை அதிகாரி அந்தத் தானியங்கி அறிவித்தல்களை நிறுத்திவைத்தார்.

கமக்காரப் பெருமக்களே! இந்த வரலாறு உங்களுக்குப் புதியதா? எல்லை வேலி வழக்குகளில் எத்தனையை நீங்களும் நாமும் கண்டிருக்கிறோம்! எந்த அயலவனும் ஒரே இரவில் உங்கள் வளவுக்குள் முழுவதாக நுழைவதில்லை. வேலி அடைக்கும் பருவத்தில் இவ்வருடம் ஒரு சாண், மறுவருடம் ஒரு முழம். கதியால் மெல்ல நகரும். கேட்டால், “மழைக்குச் சரிந்து போச்சு” என்பான். நியூ ஓர்லியன்சில் 2020 இல் நட்ட கதியால், 2022 இல் ஒரு முழம் நகர்ந்தது. 2023 இல் வேலியே இல்லாமற் போயிற்று. சட்டப் புத்தகத்தில் மட்டும் அது நின்றது.

எமது முன்னோர் கிடுகாலும் பனையோலையாலும் வேலி அடைத்தது களவுக்குப் பயந்து மட்டுமன்று. கள்வன் கிடுகைக் கிழித்துக்கொண்டு வருவான் என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் இருப்போர் பிறர் பார்வை படாமல் இருத்தல் மனித மரியாதை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்தரங்க உரிமை என்று இன்று சட்ட நூல்கள் கூறுவதை அவர்கள் கிடுகில் எழுதி வைத்தனர்.

“தெருவில் நடப்பவனுக்கு ஏது அந்தரங்கம்? அவன் முகத்தை எல்லோரும் பார்க்கிறார்களே!” எனக் கேட்கலாம். நல்ல கேள்வி. சந்தையில் உங்களை நூறுபேர் பார்க்கின்றனர். ஆனால் மறுநாள் மறந்துவிடுகின்றனர். அந்த நூறுபேரும் ஒருவனாகி, அவன் ஒருபோதும் மறவாதவனாகி, நீங்கள் எந்த வைத்தியரிடம் போனீர்கள், எந்தக் கூட்டத்துக்கு வந்தீர்கள், யார் வீட்டுப் படலையைத் திறந்தீர்கள் என்பதைத் தேதியும் நேரமும் இட்டு எழுதிவைத்தால், அதனைப் பார்வை என்று அழைப்பீர்களா, பின்தொடர்தல் என்று அழைப்பீர்களா?

பொறி செய்வது யாது?

பொறியைப் பற்றிப் பேய்க்கதை கூறி உங்களை அச்சுறுத்துவது எமது நோக்கமன்று. அது செய்வது இதுதான். ஒரு முகப்படத்தைக் கணினி சில நூறு எண்களாக மாற்றிக்கொள்கிறது. மற்றொரு படத்தின் எண்களோடு அவற்றை ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஒரு மதிப்புப் போடுகிறது. எத்தனை புள்ளிக்கு மேல் வந்தால் ‘ஆள் இவர்’ எனக் கொள்வது என்பதை மனிதர் முன்கூட்டியே தீர்மானித்து வைக்கின்றனர். அந்த எல்லையைத் தாழ்த்தினால் குற்றமற்றோர் பலர் அகப்படுவர். உயர்த்தினால் குற்றவாளிகள் சிலர் தப்புவர். ஆகவே பொறி கூறுவது உண்மையன்று, ஊகம். அதன் மதிப்பு, ஒப்பிடக் கொடுத்த படத்தின் தெளிவையும், எல்லையை வைத்தவரின் மனச்சாட்சியையும் பொறுத்தது.

2017 யூனில் கார்டிப் நகரில் ஐரோப்பிய உதைபந்தாட்ட இறுதிப் போட்டி நடந்தபோது, தென் வேல்ஸ் பொலிசார் இப்பொறியை நிறுத்தினர். தேடப்படுவோர் எனப் பொறி 2,470 தடவை அறிவித்தது. அவற்றுள் 2,297 தவறு. கொடுக்கப்பட்ட படங்களின் தரக்குறைவே காரணம் எனப் பொலிசார் விளக்கம் கூறினர். அதன் பின்னர் பொறிகள் திருந்தியிருக்கின்றன என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் தவறு எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. 2018 இல் ஜோய் புவலம்வினி, ரிம்நிற் கெப்ரு என்ற இரு ஆய்வாளர், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா எனக் கூறும் பொறிகளைச் சோதித்தனர். வெண்ணிற ஆண்கள் விடயத்தில் தவறு உச்ச அளவாக நூற்றுக்கு 0.8, கருநிறப் பெண்கள் விடயத்தில் நூற்றுக்கு 34.7 வரை சென்றது. 2019 டிசெம்பரில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே 189 கணிப்பு முறைகளைப் பரிசோதித்து அறிக்கை வெளியிட்டது. ஒருவரை மற்றொருவர் எனத் தவறாகப் பொருத்தும் பிழை, பல முறைகளில், வெள்ளையரைவிட ஆபிரிக்க, ஆசிய மக்கள் விடயத்தில் 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாயிருந்தது. எமது முகமும் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

முகமூடி அணிந்த சாட்சி

2020 ஜனவரியில், டெற்றோயிற் நகரின் புறத்தே வாழ்ந்த கறுப்பின மனிதர் ஒருவர் வேலை முடிந்து வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மனைவியும் இரு சிறு பெண்பிள்ளைகளும் பார்த்து நிற்கப் பொலிசார் அவர் கைகளில் விலங்கு பூட்டினர். 2018 இல் கடையொன்றிற் கைக்கடிகாரங்கள் களவுபோனமையே வழக்கு. கடைக் கமெராவிற் பதிந்த மங்கலான படத்தைப் பொறிக்குக் கொடுக்க, அது அவருடைய பழைய சாரதி அனுமதிப்பத்திரப் படத்தை எடுத்து நீட்டியது. பின்னர் சில படங்களை வரிசையாக வைத்துப் பெண்ணொருவரிடம் காட்டினர். அவர் இம்மனிதரின் படத்தைச் சுட்டினார். அப்பெண் களவு நடந்தபோது கடையில் இருந்தவர் அல்லர். அதே கமெராப் பதிவைப் பார்த்தவர் மட்டுமே! பொறி தலையாட்டியது, பொறியைப் பார்த்து மனிதரும் தலையாட்டினர். ஏறத்தாழ 30 மணி நேரம் அவர் காவலில் இருந்தார். விசாரணையில் அந்தப் படத்தைத் தம் முகத்தோடு சேர்த்துப் பிடித்து, இது நான் அல்லன் எனக் காட்டவேண்டிய நிலை அவருக்கு வந்தது.

2022 நவம்பரில் ஜோர்ஜியா மாநிலத்தில் மற்றொரு கறுப்பின இளைஞர் வீதியில் மறிக்கப்பட்டார். நியூ ஓர்லியன்சை அடுத்த பகுதியொன்றில் நடந்த களவுக்கு அவர் தேடப்படுகிறார் என்றனர். அந்த மாநிலத்தில் அவர் கால் வைத்ததேயில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் சிறையில் இருந்த பின்னரே விடுதலை.

பெரியோர்களே! இச்சபையில் நாற்பது வயதைத் தாண்டியோர் சுற்றிவளைப்பு நாள்களை மறந்திருக்கமாட்டார்கள். விடியுமுன் ஊர் வளைக்கப்படும். இளைஞர் கோயில் வீதியிலோ பள்ளிக்கூட முற்றத்திலோ வரிசையாக நிறுத்தப்படுவர். சாக்கினால் முகம் மூடிய ஒருவன் வாகனத்தில் இருத்தப்பட்டிருப்பான். ஒவ்வொருவராக அவன் முன்னாற் செல்லவேண்டும். தலை அசையாவிட்டால் ஒரு பக்கம், அசைந்தால் மறுபக்கம். மறுபக்கம் போனோரிற் சிலர் வீடு திரும்பவேயில்லை. ‘தலையாட்டி’ என்றே ஊர் அவனை அழைத்தது.

சட்டம் படித்தவர் என்ற முறையில் நாம் கூறுகிறோம்: தலையாட்டியின் கொடுமை அவன் தவறிழைக்கக்கூடும் என்பதோடு முடியவில்லை. சாட்சி எவரும் தவறிழைக்கக்கூடும். அதற்காகவே குறுக்கு விசாரணை என்ற ஒன்றைச் சட்டம் வைத்திருக்கிறது. உனது பெயர் என்ன, எவ்வளவு தூரத்தில் நின்றாய், வெளிச்சம் இருந்ததா, முன்பகை உண்டா என எதிரியின் சட்டத்தரணி கேட்கலாம். தலையாட்டியை எவரும் கேட்கமுடியவில்லை. அவன் பெயர் தெரியாது, காரணம் தெரியாது, முகமே தெரியாது. உங்கள் முகம் அவனுக்குத் தெரியும்.

இப்பொறியும் அத்தகைய தலையாட்டியே. அதன் உள்ளே நடப்பது வியாபார இரகசியம் என்கின்றனர் அதனை விற்போர். எல்லை எத்தனை புள்ளியில் வைக்கப்பட்டது, வேறு எத்தனை முகங்களை அது காட்டியது என்பவற்றை எதிரிக்கு அறிவியாமலே வழக்குகள் நடந்திருக்கின்றன. முன்னைய தலையாட்டிக்குப் பசி உண்டு, களைப்பு உண்டு, இரவில் உறக்கம் உண்டு. இதற்கு எதுவும் இல்லை.

நீதிமன்றம் கேட்ட இரு கேள்விகள்

இனி, நம்பிக்கை தரும் பக்கத்தையும் பார்ப்போம். 2017 டிசெம்பரில் கார்டிப் நகர வீதியில் நத்தார்க் காலக் கடைவீதிக்குச் சென்ற பிரிட்ஜஸ் என்ற பிரசை, பொலிஸ் வாகனத்தின் கமெரா தம் முகத்தையும் அளந்திருக்கும் என்பதை உணர்ந்தார். 2018 மார்ச்சில் ஆயுதக் கண்காட்சியொன்றுக்கு எதிரான அமைதிப் போராட்டத்தில் நின்றபோதும் அதே வாகனம். அவர் எப்பட்டியலிலும் இல்லாதவர், கைதாகாதவர். எனினும் வழக்குத் தொடுத்தார். 2017, 2018 ஆம் ஆண்டுகளில் அப்பொலிசார் அளந்த முகங்கள் ஏறத்தாழ 5 இலட்சம் என மதிப்பிடப்பட்டது.

2019 இல் அவர் தோற்றார். 2020 ஓகஸ்ட் 11 ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் முக்கியமான மூன்று காரணங்களில் வென்றார். நீதியரசர்கள் இரண்டு கேள்விகளை எழுப்பினர். பட்டியலில் எவர் பெயரை இடலாம்? கமெராவை எங்கே நிறுத்தலாம்? இவ்விரண்டுக்கும் எழுதப்பட்ட சட்டத்தில் விடை இல்லை. தனித்தனிப் பொலிஸ் அதிகாரியின் விருப்பத்துக்கு அளவுக்கு மீறி விடப்பட்டிருக்கிறது. ஆகவே இது சட்டத்தின்படி நடந்த தலையீடு ஆகாது என்றனர். இனத்தாலும் பாலாலும் பொறி பாரபட்சம் காட்டுகிறதா என்பதை ஆராய வேண்டிய கடமையைப் பொலிசார் நிறைவேற்றவில்லை எனவும் கண்டனர். தனிப்பட்ட தரவுகளுக்கு நேரும் பாதிப்பை முன்கூட்டி மதிப்பிட்ட அறிக்கையும் குறைபாடுடையது என்றனர்.

இத்தீர்ப்பு பொறியை முற்றாகத் தடைசெய்யவில்லை என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். புதிய விதிகள் எழுதப்பட்டன, பயன்பாடு தொடர்ந்தது. எனினும் ‘எவர்? எங்கே?’ என்ற அந்த இரு கேள்விகள் எந்தக் கமக்காரரும் எந்த அதிகாரியிடமும் கேட்கக்கூடிய கேள்விகள். அவற்றுக்குச் சட்டப் பட்டம் வேண்டியதில்லை.

டெற்றோயிற் மனிதரும் ஓயவில்லை. 2024 யூனில் நகர நிர்வாகம் 3 இலட்சம் டொலர் நட்டஈடு கொடுக்க உடன்பட்டது. பணத்தினும் பெரியது அவர் பெற்ற விதி: பொறி காட்டிய முகம் என்ற ஒன்றை மட்டும் வைத்து டெற்றோயிற் பொலிசார் இனி எவரையும் கைது செய்யலாகாது, பொறி காட்டிய முகத்தை உடனே படவரிசையில் வைத்துச் சாட்சியிடம் காட்டிச் சரிபார்த்ததாகவும் கூறலாகாது.

அரசாங்கம் மட்டுமா?

பொலிசாரைக் கட்டுப்படுத்திவிட்டால் போதும் என எண்ணுவோரும் உளர். எம் தொழிற்றோழி ஒருவருக்கு நிகழ்ந்ததைக் கேளுங்கள். 2022 நவம்பரில், நியூ ஜேர்சியைச் சேர்ந்த பெண் சட்டத்தரணி ஒருவர், தம் மகளையும் அவள் சாரணியர் தோழியரையும் நியூ யோர்க்கின் ரேடியோ சிற்றி மண்டபத்தில் நடக்கும் நத்தார் ஆடலுக்கு அழைத்துச் சென்றார். வாசலில் கமெரா அவரைக் கண்டுகொண்டது. அவர் பணிபுரிந்த சட்ட நிறுவனம், அம்மண்டபத்தை நடத்தும் கம்பனிக்கு எதிரான வழக்கொன்றில் ஈடுபட்டிருந்தது. அவ்வழக்கில் அவர் கைவைத்ததேயில்லை. பிள்ளைகள் உள்ளே சென்றனர். தாய் வெளியே நின்றார். முதலாளிக்கு எதிராக வழக்குப் பேசுவோரை வாசலில் நிறுத்தும் வல்லமை இன்று ஒரு கமெராவின் விலைக்குக் கிடைக்கிறது.

படங்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் நாமே கொடுக்கிறோம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் உறவினர் பார்க்கட்டும் என்று கல்யாண வீட்டுப் படத்தையும் கோயிற் திருவிழாப் படத்தையும் முகநூலில் இடுகிறோம். கிளியர்வியூ என்னும் அமெரிக்கக் கம்பனி இணையத்தில் மக்கள் இட்ட 300 கோடிப் படங்களை எவரிடமும் கேளாமல் அள்ளிச் சேர்த்திருந்தது என்பது 2020 ஜனவரியில் வெளியாயிற்று. எம்மவர் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோ நகரின் பொலிசாரும் அதனைப் பயன்படுத்திப் பார்த்தமை ஒப்புக்கொள்ளப்பட்டது. அது சட்டவிரோதமான பெருங் கண்காணிப்பு என 2021 பெப்ரவரியில் கனடாவின் அந்தரங்கக் காப்பு ஆணையாளர் தீர்மானித்தார்.

இதற்குச் சட்டத்தில் மருந்தே இல்லையா? உண்டு. இல்லினோய் மாநிலம் 2008 இலேயே சட்டம் இயற்றியது. எழுத்து மூலமான சம்மதமின்றி ஒருவரின் முக அளவையோ கைரேகையையோ எந்தக் கம்பனியும் எடுக்கலாகாது. எடுத்தால், பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடுக்கலாம். கவனயீனத்துக்கு 1,000 டொலர், வேண்டுமென்றே செய்தால் 5,000 டொலர். அச்சட்டத்தின் கீழ் பேஸ்புக் கம்பனி 65 கோடி டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2021 நவம்பரில் 100 கோடிக்கு மேற்பட்டோரின் முக அளவுகளை அழித்துவிடுவதாகவும் அறிவித்தது. பூட்டுக்குத் திறவுகோல் களவுபோனால் பூட்டை மாற்றலாம். முகம் களவுபோனால் முகத்தை மாற்றமுடியாது என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் உணர்ந்திருந்தனர். சட்டத்துக்குப் பல்லைக் கொடுத்தது எது? பாதிக்கப்பட்ட சாதாரண மனிதன் தானே நீதிமன்றப் படியேறலாம் என்ற ஒரு வரி!

எதிர்வாதமும் கேட்கப்படல் வேண்டும்

மறுபக்கத்தையும் கேளாமல் தீர்ப்புக் கூறுவது எம் தொழிலுக்கு அடாது. 2018 யூனில் மேரிலாண்ட் மாநிலத்து அனபோலிஸ் நகரில் பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். பிடிபட்டவன் தான் யார் என்று கூற மறுத்தான். கைரேகைச் சோதனையும் தாமதித்தது. அவன் யார் என்பதை விரைவாகக் கண்டறிய உதவியது இதே பொறி. காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய் ஒருத்தி, இப்பொறி வேண்டாம் என்று கூறுவாளா? கூறமாட்டாள், கூறவும் வேண்டியதில்லை.

கத்தி கறி நறுக்கவும் உதவும், கழுத்தை அறுக்கவும் உதவும் என்ற பழங்கதையை நாம் இங்கே கூற வரவில்லை. நாம் வற்புறுத்துவது ஒன்றே. பொறியின் தலையாட்டல் விசாரணையின் தொடக்கமாகலாம், முடிவாகலாகாது. அது துப்பு, சாட்சியன்று. அதனைச் சாட்சியாகக் கொண்டுவர விரும்புவோர், அதன் முகமூடியைக் கழற்றிக் குறுக்கு விசாரணைக்கு நிறுத்தவேண்டும்.

எமது வளவுக்குள்

இவையெல்லாம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்தவைதாமே எனக் கேட்கலாம். 2019 ஏப்ரிலில் உயிர்த்த ஞாயிறு படுகொலைகளின் பின்னர், எமது நாட்டுப் பொலிசார் தேடப்படுவோர் எனச் சில படங்களை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று அமெரிக்காவில் கல்வி கற்றுக்கொண்டிருந்த, இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த முஸ்லிம் மாணவி ஒருவருடையது. குற்றத்தோடு அவருக்கு எத்தொடர்பும் இல்லை. தவறு எனப் பொலிசார் பின்னர் அறிவித்தனர். அதற்கிடையில் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்து குவிந்தன. முகத்தையும் பெயரையும் பிழையாகப் பொருத்துவது எத்தகைய தீங்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முகம், கைரேகை, கருவிழி ஆகியவற்றைப் பதியும் டிஜிற்றல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய நிதியுதவியோடு எமது நாட்டில் முன்னெடுக்கப்பட்டு வருகிறது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை எனத் தனியான உறுப்புரை இல்லை. தனிப்பட்ட தரவுகளைக் காப்பதற்கென 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. முக அளவு போன்ற உடல்சார் தரவுகளுக்கு விசேட பாதுகாப்பை அது கூறுகிறது. ஏட்டிலே வேலி உண்டு. காவலுக்கு ஆள் வேண்டும்.

எனவே, இச்சபையிலுள்ள ஒவ்வொருவரிடமும் நாம் வேண்டுவது இதுவே. உங்கள் முகத்தை எவர் அளக்க வந்தாலும், அரசாங்கமாயினும் கடன் கொடுப்போராயினும் கடைக்காரராயினும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறீர்? எந்தத் தேவைக்கு? எவர் கையில், எத்தனை காலம் இருக்கும்? பிழை நேர்ந்தால் பொறுப்பாளி யார்? விடையை எழுத்திற் கேளுங்கள். விடை கிடையாவிடில், அந்தக் கடிதத்தை எம்மிடமோ எம்மையொத்த சட்டத்தரணி ஒருவரிடமோ கொண்டுவாருங்கள். சட்டத்துறை அன்பர்களே! அவர்கள் வரும்போது, இது சிறு விடயம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எதிரிக்கு எதிராகப் பொறியின் முடிவு வந்தால், எல்லைப் புள்ளி எத்தனை, வேறு எவரைக் காட்டியது, பார்த்தவர் யார் எனக் கேட்கத் தவறாதீர்கள். நாடகத்து ஹரி வில்சன் காலம் கடந்து வருந்தினார். பரிகாரம் தேடக் களவுக்குப் போனார். எமக்கு நீதிமன்றம் திறந்திருக்கிறது.

காணிச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அதைக் கமக்காரர் அனைவரும் அறிவர். பிறன் ஒருவன் உங்கள் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டால், உரித்து அவனுக்குப் போய்விடலாம். உறுதி உங்கள் பெட்டியில் இருக்கும். காணி அவன் கையில் இருக்கும். முகத்துக்கு அத்தகைய விதி எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் கேட்பாரற்றுக் கிடந்தால் நடைமுறையில் அப்படித்தான் முடியும்.

எமது அலுவலகத்துக்கு வந்த அந்தப் பெரியவருக்காகக் கடன் கொடுத்தோருக்கு நாம் கடிதம் எழுதியிருக்கிறோம். அந்த நான்கு கேள்விகளும் அதில் உள்ளன. அவர் தம் பெயரைத் தமிழில் நிறுத்தி எழுதிக் கையொப்பமிட்டார். இட்டுவிட்டு, “தம்பி, நான் ஆற்றையும் மாடு இல்லை எண்டு அவைக்கு விளங்கும்தானே?” என்றார்.

விளங்க வைப்பது நம் எல்லோருடைய கடமை.